நானூற்றுப் பன்னிரண்டாம் கட்டு

6. வாயடைத்த ரேடியோ

ரேடியோ பேச்சை நிறுத்தியது காலை ஒன்பது இருபதுக்கு. சர்வேயர் தன் கைக்கடிகாரத்தில் அதைப் பார்த்து வைத்துக்கொண்டார். எதையும் சும்மா விடுகிற ஆள் இல்லை அவர்.

சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த குடோன்களிலும் மூழ்கிய சரக்குகளிலும் மூக்கை நுழைத்து, எது நிஜ நஷ்டம், எது நாடகம் என்று பிரித்துச் சொன்ன அம்மாள். இப்போது சொந்தத் துப்பறியும் ஆபீஸ். அதில் மொத்தம் இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலிக்காரிக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர் அவர்தான். வேலைக்கு வந்த முதல் நாளே, "உனக்கு ஆஃப் பண்ற பட்டன் எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார்.

எங்கே போகிறோம் என்பதை வண்டி நிற்கும்வரை சர்வேயர் சொல்ல மாட்டார். சொன்னால் வழியெல்லாம் ரேடியோ கேஸை முடித்துத் தீர்ப்பும் எழுதிவிடுவாள் என்று பயம். அன்றும் சொல்லவில்லை. வண்டி நின்றது. மஞ்சள் சுவர், பச்சை இரும்பு கேட், மேலே பலகை: பழஞ்சுவடிக் காப்பு நிலையம்.

முன் சீட்டில் ஓடிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் அறுந்தது.

"என்ன, கரண்ட் போச்சா?"

"ஒண்ணுமில்ல மேடம். தொண்டையில தூசி."

உள்ளே நுழைந்ததும் வாசனைதான் முதலில் வந்தது. புல் தைலம். ஓலையைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பூசும் எண்ணெய். அந்த வாசனை ரேடியோவின் பள்ளிக்கூட யூனிஃபார்மில் இருந்தது, ரிப்பனில் இருந்தது, பரீட்சைப் பேப்பரில்கூட இருந்தது. "உங்க வீட்ல தரை துடைக்கிற ஆயில்லதான் துணி துவைப்பீங்களா?" என்று வகுப்பில் கேட்டவளின் முகம் அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்ததும் ஹாஸ்டலில் செய்த முதல் வேலை, பெட்டியிலிருந்த அத்தனை துணியையும் இரண்டு முறை சோப்புப் போட்டு அலசியது.

நீளமான அறை. இருபுறமும் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு பீரோக்கள். ஒவ்வொன்றிலும் சிவப்புக் கயிறு கட்டிய ஓலைக் கட்டுகள், எண் ஒட்டிய மரப்பலகைகளுக்கு நடுவே. கடைசி ஜன்னலுக்குக் கீழே ஒரு மேஜை. அங்கே பஞ்சும் தைலமும், எழுத்துத் தெளியத் தேய்க்கும் கரியுமாக ஒரு மனிதர் ஓலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் எண்ணெய்க்காரர். இருபத்தாறு வருஷமாக அந்த நாற்காலி அவருடையது.

காலடி கேட்டு எழுந்து நின்றார். "வாங்க மேடம்" என்றார் சர்வேயரிடம். பிறகு ரேடியோவைப் பார்த்தார். கண் ஒரே ஒரு முறை இமைத்தது.

"நீங்களும் வாங்க மேடம். பார்த்து, தரை வழுக்கும்."

பெற்ற மகளை மேடம் என்று கூப்பிட்டார். அவளும் தலையாட்டினாள். "அப்பா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தைத் தலையாட்டுவதில் செலவழித்தாள்.

காரணம் இருந்தது. கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம். பக்கத்தில் நின்றவள் டாக்டர் என்று எழுதினாள், அதற்கடுத்தவள் வக்கீல் என்று எழுதினாள். இவள் 'சுவடி ஆய்வாளர்' என்று எழுதினாள். சுவடியைத்தானே நாள் முழுக்க ஆராய்கிறார், பூச்சி இருக்கிறதா என்று! எழுதும்போது ஜோக்காகத்தான் இருந்தது. அப்புறம் பட்டமளிப்பு விழாவுக்கு அவரை வர வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தபோது ஜோக்காக இல்லை. சர்வேயரிடமும் அதே பொய்தான்.

*

இயக்குநரின் அறையில் ஏசி, கண்ணாடி மேஜை, சுவரில் ஒரு பெரிய போட்டோ. இளவயது இயக்குநர் இரண்டு கையாலும் ஒரு சுவடிக் கட்டை ஏந்திக்கொண்டிருந்தார், பிறந்த குழந்தையைப் பிடிக்கிற மாதிரி.

"கேஸ் ரொம்ப சிம்பிள்" என்றார். "இதை நடத்துற அறக்கட்டளைக்காரங்க வெளி ஆளை வச்சுப் பார்க்கணும்னு அடம் பிடிச்சாங்க. அதான் உங்களைக் கூப்பிட்டேன். ஒரு பக்கம் ரிப்போர்ட் போதும்."

"ஒரு பக்கத்துல என்ன எழுதணும்?"

"கட்டு எண் நானூத்திப் பன்னெண்டு. கண் நோய் மருத்துவம். உலகத்துலயே ஒரே பிரதி. நூத்திப் பதினெட்டு ஓலை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் அதைப் படிச்சு, பதிப்பிச்சு, புத்தகமா கொண்டுவந்தேன்." சுவரைக் காட்டினார். "புத்தகம் வந்தப்புறம் ஓலையை யார் பிரிக்கப் போறாங்க? போன வாரம் வெளியூர்லேர்ந்து ஒரு ஆராய்ச்சியாளர் அம்மா வந்து, ஓலையைத்தான் பார்ப்பேன்னாங்க. பிரிச்சா எழுபத்திரண்டுதான் இருக்கு."

"நாற்பத்தாறு காணோம்."

"வருஷா வருஷம் எண்ணெய் போடும்போது ஓலையை எண்ணிப் பதியணும். பதினாலு வருஷமா அந்தப் பதிவேடு இருக்கு. போன வருஷப் பதிவுல நூத்திப் பதினெட்டு, அவன் கையெழுத்தோட. இந்த ஒரு வருஷத்துல அந்தக் கட்டைத் தொட்டது அவன் ஒருத்தன்தான். நாலு மணிக்குப் போலீஸ் வருது. அதுக்குள்ள உங்க ரிப்போர்ட் வந்துட்டா நல்லது."

சர்வேயர் பதிவேட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாக எண்கள், நேர்க்கோட்டில் அழகாக. ஏழு வருகிற இடமெல்லாம் இடுப்பில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு.

ரேடியோவின் காதுமடல் சூடானது. அந்தக் குறுக்குக் கோட்டுக்காக மூன்றாம் வகுப்பில் விரல் முட்டியில் ஸ்கேலால் அடி வாங்கியவள் அவள். அப்படியும் விடவில்லை. ஆபீஸில் அவள் தினமும் எழுதுகிற கேஸ் நோட்டிலும் ஏழுக்கு இடுப்புக் கயிறு உண்டு.

"அழகான கையெழுத்து" என்றார் சர்வேயர். "எண்ணெய்க்காரர் எழுதினதா?"

"பின்னே? எட்டாவது பாஸ். அந்த வேலைக்கு அதுதான் தகுதி."

சர்வேயர் பதிவேட்டை மூடினார். மேஜைமேல் இருந்த தடித்த புத்தகத்தை, இயக்குநரின் பதிப்பை, எடுத்து ரேடியோவிடம் நீட்டினார். "படிச்சு வை."

"ஐநூறு பக்கம் மேடம். எனக்குக் கண் நோய் வரும்."

ஜோக் சொன்னாள்தான். குரல் காய்ந்துபோய் இருந்தது.

*

எண்ணெய் மேஜை எதிரே சர்வேயர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மேஜைமேல் நானூற்றுப் பன்னிரண்டு.

"இந்தப் பதிவெல்லாம் நீங்களே எழுதினதா?"

"ஆமாங்க."

"ஒரு வரி எழுதிக் காட்ட முடியுமா?"

எண்ணெய்க்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விரல் நுனிவரை எண்ணெயும் கரியும். "கை இப்படி இருக்குங்க. தாள் கெட்டுடும்."

ரேடியோ குனிந்து புத்தகத்தைப் புரட்டினாள். இருபத்தாறு வருஷமாக அவர் அந்தக் கையைத்தான் விரித்துக் காட்டுகிறார். பள்ளிக்கூடத்தில் ரிப்போர்ட் கார்டு நீட்டினால் அந்தக் கை, போஸ்ட்மேன் நோட்டை நீட்டினால் அந்தக் கை. எட்டாவது பாஸ் என்ற சான்றிதழ் அவருடைய இறந்துபோன அண்ணனுடையது. கையெழுத்து மட்டும் போடத் தெரியும். கற்றுக்கொடுத்தவள் மகள்.

"போன வருஷம் எத்தனை ஓலை இருந்துச்சு?"

எண்ணெய்க்காரர் கட்டைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை. "பதிவுல என்ன இருக்கோ அதாங்க."

ரேடியோ பக்கம் புரட்டுவதை நிறுத்தினாள். ஏனென்றால் பதிவு எழுதும்போது அவர் அவளிடம் சொன்ன எண் அது இல்லை.

அவளுக்குப் பத்து வயது. பதிவேடு புதிதாக வந்த வருஷம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா அதைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துவந்தார். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். எண்கள் அத்தனையும் அவர் தலைக்குள் இருந்தன. "நானூத்திப் பன்னெண்டு, எழுபத்திரண்டு" என்றார். பக்கத்தில் நிலையத்தின் அச்சடித்த பட்டியல் கிடந்தது. அதில் நூற்றுப் பதினெட்டு.

"புக்ல நூத்திப் பதினெட்டுன்னு போட்டிருக்குப்பா."

"மூணு தடவை எண்ணினேன் பாப்பா. எழுபத்திரண்டு."

அச்சில் இருப்பது எப்படித் தப்பாகும்? அதை எழுதியவர்கள் படித்தவர்கள். அப்பாவுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. நாளைக்கு எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நூற்றுப் பதினெட்டு என்று எழுதினாள். "எழுதிட்டியா?" என்றார். "ம்" என்றாள். படித்துக் காட்டச் சொல்லவில்லை. மகள்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதற்கப்புறம் பதின்மூன்று வருஷம், கல்லூரிக்குப் போன பிறகும் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு வந்து, முந்தின வருஷப் பதிவைப் பார்த்து மளமளவென்று இறக்கிவைத்தாள். போன வருஷம் ஒரு கையில் போன் வேறு.

சர்வேயர் கட்டின் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். கயிற்றின் வால் பகுதியில் ஏழு பெரிய முடிச்சு, சிறிது இடைவெளி விட்டு இரண்டு சின்ன முடிச்சு.

"இது என்ன, அலங்காரமா?" என்று கேட்டபடியே கடைசி முடிச்சில் நகத்தை வைத்தார்.

"அவிழ்க்காதீங்க மேடம்! எழுபத்தொண்ணு ஆயிடும்!"

சொல்லிவிட்டு எண்ணெய்க்காரர் உதட்டைக் கடித்தார்.

சர்வேயர் மெதுவாகத் திரும்பினார். "என்ன சொல்றார் இவர்? உனக்கு ஏதாவது புரியுதா?"

அந்த மாதிரி முடிச்சுகளை வைத்துத்தான் அப்பா அவளுக்கு எண்ணவே கற்றுக்கொடுத்தார். பெரிசு பத்து, சின்னது ஒன்று. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே கொடிக்கயிற்றில் நூறுவரை போய்விட்டாள்.

"தெரியல மேடம்" என்றாள் ரேடியோ.

*

தண்ணீர் பாட்டிலை நிரப்புகிற சாக்கில் பின்பக்கம் போனாள். குழாயடியில் அப்பா துணி அலசிக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"மெதுவா." திரும்பவில்லை. "இளைச்சுட்டே பாப்பா. ரூம்ல ஒழுங்கா சாப்பிடறியா?"

"அதை விடுப்பா. நாலு மணிக்குப் போலீஸ் வருது. எழுதினது நான்னு சொல்லிடறேன்."

"சொன்னா எனக்குப் படிக்கத் தெரியாதுன்னும் சேர்த்துத்தான் சொல்லணும்."

"சொன்னா என்ன?"

"திருடன்னா நாலு நாள் பேசுவாங்க." துணியைப் பிழிந்தார். "எழுத்தே தெரியாதவன் இத்தனை வருஷமா சுவடி ரூம்ல உட்கார்ந்திருந்தான்னு தெரிஞ்சா, செஞ்ச வேலை மொத்தமும் சிரிப்பாயிடும். அதை என்னால பார்க்க முடியாது."

"அதுக்காக ஜெயிலுக்குப் போவியா? பைத்தியமா உனக்கு?"

அவர் நகர்ந்து குழாயை அவளுக்கு விட்டார். "உங்க மேடத்துக்கு நான் யாருன்னு தெரியுமா?"

பாட்டில் நிரம்பி வழிந்து செருப்பை நனைத்தது.

"சரி சரி. தெரிய வேணாம். நீ எப்படிச் சொல்லி வச்சிருக்கியோ அப்படியே இருக்கட்டும்."

என்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்று கேட்கவில்லை. ஏதோ சொல்லி வைத்திருப்பாள் என்பது அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

*

இரண்டரை மணி. தாழ்வாரத்து பெஞ்சு.

"படிச்சியா?" என்றார் சர்வேயர்.

"கடைசிப் பக்கத்துலேர்ந்து படிச்சேன். என் வழக்கம்." வேலையைப் பிடித்துக்கொண்டால் மூச்சு விட முடிந்தது. "இது ரெண்டாம் பதிப்பு. பத்து வருஷத்துக்கு முன்னாடி வந்தது. பின்னாடி ஒரு திருத்தப் பட்டியல் இருக்கு. 'ஓலையோடு மீண்டும் ஒப்பிட்டுச் செய்த திருத்தங்கள்'னு தலைப்பு. மொத்தம் அறுபத்தொரு தப்பு. ஒவ்வொண்ணுக்கும் எத்தனாவது ஓலைன்னு எண் போட்டிருக்கு."

"சரி."

"கடைசித் தப்பு எழுபத்திரண்டாவது ஓலையில. அதுவரைக்கும் ஓலைக்கு ஒண்ணுன்னு தப்பா வாரிவழங்கின மனுஷன், அப்புறம் நாற்பத்தாறு ஓலையில திடீர்னு ஞானம் வந்து ஒரு தப்பு கூடப் பண்ணலையாம் மேடம். ஒண்ணு அவருக்கு அங்கே தெய்வம் வந்து எழுதிக்கொடுத்திருக்கணும். இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

"ஒப்பிட்டுப் பார்க்க ஓலை இல்ல. பத்து வருஷத்துக்கு முன்னாடியே இல்ல."

சர்வேயர் முதல் முறையாகச் சிரித்தார். "ரேடியோ கொஞ்சம் எடுக்குது. ஆனா இதை வச்சு அவரை மடக்க முடியாது. 'அந்த வருஷம் எண்ணெய்க்காரன் நூத்திப் பதினெட்டுன்னு எழுதியிருக்கானே'ம்பார். பதிவேடு நிக்கிற வரைக்கும் அவர் பிழைச்சுப்பார்." எழுந்து புடவையை உதறினார். "இந்த ரிப்போர்ட்ல பாதிதான் நான் எழுத முடியும்மா. மீதி பாதி என்கிட்ட இல்ல."

அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு நடந்தார்.

*

மூன்றே முக்கால். சுவடி அறையில் இயக்குநர் நின்றார். வெளியூர் ஆராய்ச்சியாளர் அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க்காரர் தன் நாற்காலிக்குப் பின்னால், அதைப் பிடித்தபடி.

"ரிப்போர்ட் ரெடியா?" என்றார் இயக்குநர்.

"ஒரே ஒரு இடத்துல நிக்குது. இந்த முடிச்சு." சர்வேயர் கயிற்று வாலைத் தூக்கிக் காட்டினார். "எல்லாக் கட்டுலயும் இருக்கு. எனக்கு இதைப் படிக்கத் தெரியல. யாருக்காவது தெரியுமா?"

"அவன் பொழுதுபோகாம போட்டிருப்பான். அதுல படிக்க என்ன இருக்கு?"

கேட்டுக்கு வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது. எண்ணெய்க்காரர் ரேடியோவைப் பார்த்து மிக லேசாக, வேண்டாம் என்று தலையசைத்தார்.

அவளுக்கு முகம் எரிந்தது. பட்டமளிப்பு நாளில் எரிந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எரிந்தது அப்பாவுக்காக வெட்கப்பட்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். தன்னை நினைத்துத்தான்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

குரல் வழக்கத்தைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"பெரிய முடிச்சு பத்து. சின்னது ஒண்ணு. அது ஓலைக் கணக்கு. இதுல எழுபத்திரண்டு." ஆராய்ச்சியாளர் பக்கம் திரும்பினாள். "எந்த பீரோவா இருந்தாலும் சரி, ஒரு கட்டு எடுத்துக் கொடுங்க மேடம். நம்பரை மறைச்சே கொடுங்க."

ஆராய்ச்சியாளர் ஒரு கட்டை உருவிக்கொண்டுவந்தார். ரேடியோ கண்ணை மூடிக்கொண்டு கயிற்றின் வாலைத் தடவினாள். "தொண்ணூத்தாறு."

ஓலைகளை எண்ணி முடிக்கச் சில நிமிடம் ஆயிற்று. "தொண்ணூற்றாறு" என்றார் ஆராய்ச்சியாளர். குரலில் ஒரு மாதிரி மரியாதை வந்திருந்தது.

"இதெல்லாம் என்ன வித்தை?" இயக்குநர் சிரிக்க முயன்றார். "நேத்து உட்கார்ந்து முடிச்சுப் போட்டிருப்பான். பதிவேட்டுல அவனே நூத்திப் பதினெட்டுன்னு எழுதியிருக்கானே!"

"அவர் எழுதல. நான் எழுதினேன்."

"நீங்களா? நீங்க யாரு?"

ரேடியோ என்றே பெயர் எடுத்தவளுக்கு அந்த இடத்தில் ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. அது வருவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சனியன்.

"இவர் பொண்ணு. இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்து வயசுலேர்ந்து நான்தான் பதிவேடு எழுதறேன். எழுபத்திரண்டுன்னுதான் சொன்னார். மூணு தடவை எண்ணினேன்னு சொன்னார். நான் உங்க அச்சடிச்ச பட்டியலை நம்பினேன். எங்கப்பாவை நம்பல."

எண்ணெய்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் முதுகில் அவர் விரல் பதிந்த இடத்தில் கரி.

சர்வேயர் அவரிடம் போனார். "ஒரே ஒரு முடிச்சு அவிழ்க்கட்டுமா? நீங்களே திரும்பப் போட்டுக்கலாம்."

அவர் தலையாட்டினார். சர்வேயர் பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து நுழைத்து மிகப் பொறுமையாகக் கடைசி முடிச்சைப் பிரித்தார். கயிறு வெளியே கரியேறிக் கறுத்திருந்தது. முடிச்சின் உள்மடிப்பில் மட்டும் பளிச்சென்று சிவப்பு, கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த நிறம்.

"பழைய சுவத்துல போட்டோவைக் கழட்டினா பின்னாடி புதுப் பெயிண்ட் தெரியும்ல, அந்த மாதிரி" என்றார். "இந்தக் கயிறு எப்ப வாங்கினது சார்?"

இயக்குநர் வாசல் பக்கம் பார்த்தார்.

"நான் வந்த வருஷம்" என்றார் எண்ணெய்க்காரர், தரையைப் பார்த்தபடியே. "எல்லாக் கட்டுக்கும் ஒரே நாள்ல புதுக் கயிறு மாத்தச் சொன்னாங்க. சார்தான் சொன்னார்."

"கயிறு புதுசா இருந்தப்போ போட்ட முடிச்சு. அப்பவே எழுபத்திரண்டு. இவர் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நூத்திப் பதினெட்டைக் கையில வச்சுட்டு நீங்க போட்டோ எடுத்திருக்கீங்க. நடுவுல ரெண்டு வருஷம். பத்து வருஷத்துக்கு முன்னாடி திரும்ப ஒப்பிட்டபோது நீங்க எழுபத்திரண்டோட நிறுத்திட்டீங்க." சர்வேயர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தார். "மீதி எங்கே சார்?"

இயக்குநர் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். பார்க்கப் பார்க்க ஆள் சின்னதாகிக்கொண்டே போனார்.

"கரையான்" என்றார் கடைசியில். "கடைசி நாற்பத்தாறை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். எடுக்கக் கூடாது. புத்தகம் சீக்கிரம் வரணும்னு... பிரதி எடுத்து முடிச்சு, கட்டிலுக்கு அடியில வச்சேன். மழை மாசம். ஒரு வாரம் ஊர்ல இல்ல. வந்து பார்த்தா மண்ணுதான் இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்ல முடியல. அப்புறம் பதிவேட்டுல நூத்திப் பதினெட்டுன்னு வந்ததும், இவன் எண்ணறதே இல்லன்னு நினைச்சேன். நல்லதாப் போச்சுன்னு..."



அவரைக் கிழித்துத் தோரணம் கட்ட ரேடியோவிடம் பேச்சு நிறையவே இருந்தது. படித்த திமிர், பெரிய மனுஷத்தனம், தன் தப்பை இன்னொருத்தன் தலையில் கட்டுகிற புத்தி என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தெரிந்தே நூற்றுப் பதினெட்டு என்று விட்டுவைத்தவர்கள் அந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

*

போலீஸ் வந்தது, இயக்குநர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. ஆராய்ச்சியாளர் அம்மா அறக்கட்டளைக்குப் போன் செய்யப் போனார். போகும்போது எண்ணெய்க்காரரின் கயிறுகளை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

"இவர் வேலை?" என்றாள் ரேடியோ. "எட்டாவது பாஸ் சமாச்சாரம்?"

"ஓலை எங்கேன்னுதான் என்கிட்ட கேட்டாங்க" என்றார் சர்வேயர், பையை மாட்டிக்கொண்டு. "எட்டாவது பாஸான்னு யாரும் கேட்கல. கேட்டா அப்போ பார்த்துக்கலாம். இந்தக் கட்டடத்துலயே ஒழுங்கா எண்ணினவர் இவர் ஒருத்தர்தான்னு ரிப்போர்ட்ல எழுதுவேன்."

"மேடம், உங்களுக்கு எப்போ தெரியும்?"

"பதிவேட்டைத் திறந்ததும். உன் ஏழுக்கு இடுப்புல கயிறு. தினமும் பார்க்கிறேனே."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொன்னா அது துப்பு மட்டும்தான்." வாசலில் நின்று திரும்பினார். "உன்கிட்ட எனக்குக் கோபம் இருக்கு. சுவடி ஆய்வாளர்னு என்கிட்டயே சொன்னே பாரு. அதை அப்புறம் வச்சுக்கிறேன். வண்டியில வராதே. இங்கேயே இரு."

அறையில் இரண்டு பேர். அப்பா அவிழ்த்த முடிச்சைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு, இழுத்து, கட்டை விரலால் அழுத்தினார்.

"அப்பா."

அவர் கயிற்றின் வாலைச் சரிசெய்தார்.

"பதிவைப் பத்தி எப்போப்பா தெரிஞ்சுது?"

"போன வாரம். சார் படிச்சுக் காட்டினப்போ." கட்டைத் துணியில் சுற்றினார். "அதுல என்ன எழுதியிருக்குன்னு யாரோ படிச்சு நான் கேட்டது அதான் முதல் தடவை."

ஒரு வாரமாகத் தெரிந்திருக்கிறது. போலீஸ் வரைக்கும் போகத் தயாராக இருந்திருக்கிறார். அவளுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

"மத்த கட்டுக்கெல்லாம்?" என்றார் அப்பா.

"என்னப்பா?"

"அறுநூத்தி நாற்பது கட்டு இருக்கு. நான் சொன்னதை எழுதினியா, புக்ல இருந்ததை எழுதினியா?"

வாயைத் திறந்தாள். பத்து வயது ஞாயிறு ஒன்று ஞாபகம் இருந்தது. மற்ற ஞாயிறுகள் இல்லை. சீக்கிரம் முடித்துவிட்டு விளையாடப் போக வேண்டும், பரீட்சைக்குப் படிக்க வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

"தெரியலப்பா."

அவர் திட்டவில்லை. குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்தார். முதல் பீரோவைத் திறந்து முதல் கட்டை எடுத்தார். தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பதிவேட்டில் புதுப் பக்கம் எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

முடிச்சைத் தடவினார். அதோடு விடவில்லை. கயிற்றைப் பிரித்து ஓலைகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார்.

"ஒண்ணாம் கட்டு. எண்பத்தி நாலு."

எழுதினாள். பக்கத்தைத் திருப்பிப் பழைய பதிவைப் பார்க்கக் கை போனது. இழுத்துக்கொண்டாள்.

அப்பா அடுத்த கட்டை எடுக்கவில்லை. கழுவிய விரல் இன்னும் முதல் முடிச்சின்மேலேயே இருந்தது.

"எழுதினதைப் படிச்சுக் காட்டு" என்றார்.